ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டர் காற்று! உங்கள் செடான் காரைப் பற்றி இதெல்லாம் தெரியுமா?

உலகின் முதல் நீண்ட தூரக் கார் பயணத்தை ஓட்டி முடித்தவர் ஒரு பெண் என்பது தெரியுமா? அதுவும் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு தாய்வீட்டுக்குக் கிளம்பியவர்! 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் ஜெர்மனியின் மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை சுமார் 106 கிலோமீட்டர் ஓட்டினார். அந்த வண்டியை உருவாக்கிய கணவர் கார்ல் பென்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகியிருந்த ஊசியை எடுத்துக் குத்திச் சரிசெய்தார். தீப்பொறி போகும் கம்பியின் உறை தேய்ந்தது. காலுறையைப் பிடித்திருந்த பட்டியை எடுத்துச் சுற்றினார். எரிபொருள் தீர்ந்தது. பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே இல்லாத காலம். வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில் நுழைந்து, கறை போக்க விற்ற லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். பிரேக் கட்டை தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரைப் பிடித்துத் தோல் அடிக்க வைத்தார். இன்ஜினைக் குளிர்விக்க நின்ற இடத்திலெல்லாம் தண்ணீர் ஊற்றினார். மேடு ஏற முடியாத இடங்களில் மகன்கள் இறங்கித் தள்ளினார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் வண்டியில் மேடு ஏறுவதற்கென இன்னொரு கியர் சேர்ந்தது!

எரிபொருள் அடைப்பு, தீப்பொறிக் கசிவு, சூடேறும் இன்ஜின், தேயும் பிரேக். இன்று பத்து வயதான ஒரு காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அவர் சொல்லும் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த நான்குக்குள் அடங்கிவிடும். இன்னொரு ஆச்சரியம்: பழைய இன்ஜின் திடீரென்று உயிரை விடுவது அபூர்வம். வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில், புகையாகவும் சத்தமாகவும் வாசனையாகவும் முன்னதாகவே சொல்லிவிடுகிறது. கவனிக்கத் தெரிந்த குடும்பம் தேவையில்லாத பாகத்துக்குப் பணம் கட்டாது. அடுத்த காரையும் நிறத்தைப் பார்த்து வாங்காது.

முதலில் அந்த இன்ஜின் செய்யும் வேலையைப் பாருங்கள். நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது அதற்குள் ஒரு விநாடிக்கு எத்தனை முறை தீப்பற்றுகிறது தெரியுமா? நூறு முறை! ஒரு மணி நேரத்துக்கு 3,60,000 முறை. அதே வேகத்தில் ஐந்து மணி நேரம் ஓடினால் 18 லட்சம். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. அத்தனை காற்றும் பானெட்டுக்குள் இருக்கும் ஒரு காகித ஏர் ஃபில்டர் வழியாகத்தான் நுழைகிறது. அந்த ஃபில்டர் தூசியால் அடைத்து பிக்கப் குறைந்த பிறகு, "இன்ஜின் வேலை பார்க்கணும் போல" என்று பயந்துபோய் நிற்பவர்கள் எத்தனை பேர்!

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது என்பது இன்னொரு அதிசயம். பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்ந்து நீராவியாக சைலன்சர் வழியே போகிறது. அதிகாலையில் கார் ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரிலிருந்து வெள்ளையாகப் புகைந்து, சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தால் பதற வேண்டாம். சில நிமிடங்களில் நின்றுவிட்டால் அது வெறும் தண்ணீர்தான். சூடான பிறகும் அடர்த்தியான வெண்புகை விடாமல் வந்து, அதில் இனிப்பு வாசனையும் இருந்தால் அது வேறு கதை: கூலன்ட் சிலிண்டருக்குள் கசிந்து எரிகிறது, பெரும்பாலும் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. அப்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே மோர் நிறத்தில் நுரை படிந்திருந்தால் ஆயிலும் தண்ணீரும் கலக்கத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். அந்தக் காரை ஒர்க்ஷாப்புக்குக்கூட ஓட்டிப் போகாதீர்கள், கட்டி இழுத்துப் போங்கள். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகம், காற்று போதவில்லை.

சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தத் தீயின் நேர் கீழே மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கும் பிஸ்டன் எதனால் ஆனது தெரியுமா? அலுமினியக் கலவை! அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். பிஸ்டன் உருகாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம், ஆயிலும் கூலன்டும் ஒவ்வொரு நொடியும் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போவதுதான். பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இன்ஜினில் இயக்கமாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியை ரேடியேட்டர்தான் தாங்க வேண்டும். மே மாத வெயிலில், போக்குவரத்து நெரிசலில், ஏசியும் ஓடும்போது அந்த ரேடியேட்டர் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

அதன் மூடியில்தான் பெரிய சூட்சுமம் இருக்கிறது. வீட்டு பிரஷர் குக்கர் போலவே அந்த மூடியும் உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும். பல கார்களின் மூடி தாங்கும் 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், கூலன்ட் பாதி தண்ணீர் பாதி என்ற கலவை 125 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து அழுத்தம் நிற்கவில்லை என்றால், ரேடியேட்டரும் தண்ணீர் பம்பும் நன்றாக இருந்தும் கார் சூடேறும். சில நூறு ரூபாய் மூடியை மாற்றிப் பார்க்காமல் ஆயிரக்கணக்கில் செலவு செய்வது எவ்வளவு அநியாயம்! சூடான இன்ஜினில் அந்த மூடியைத் திறக்கவே கூடாது என்பதற்கும் காரணம் இதுதான். திறந்த கணமே அழுத்தம் போய், உள்ளே இருக்கும் திரவம் ஒரே நொடியில் ஆவியாகி முகத்தில் பாயும்.

வழியில் டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கி ஏறினால் என்ன செய்வீர்கள்? ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழு வேகத்தில் போடுங்கள்! வெயிலில் ஹீட்டரா என்று தோன்றும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் என்பது உண்மையில் ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜினின் சூட்டை உங்கள் காலடிக்குத் திருப்பிவிடுகிறது. ஐந்து நிமிட வியர்வை, ஓரமாக நிறுத்த இடம் கிடைக்கும்வரை ஹெட்டைக் காப்பாற்றும். நிறுத்திய பிறகு அரை மணி நேரமாவது பொறுங்கள். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் கோணிவிடும், விரிசலும் விடலாம்.

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சூடே ஏறாது சார்" என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பாதீர்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. சுமார் 82 முதல் 88 டிகிரியில் திறக்கும் அந்தச் சிறிய வால்வு இல்லாவிட்டால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வரவே நேரமாகும். இன்ஜின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று நினைத்து காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கும். மைலேஜ் சரியும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும், தேய்மானம் கூடும். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுவதும் அப்படித்தான். வீட்டு கெட்டிலில் படியும் அதே உப்பு உள்ளே குழாய்களில் படிந்து வழியை அடைக்கும்.

சரி, சூடும் இல்லை, புகையும் இல்லை, ஆனால் சிக்னலில் நிற்கும்போது கார் உதறுகிறது, டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் இன்ஜின் விளக்கு எரிகிறது. இப்போதுதான் மிகப் பெரிய ஆச்சரியத்துக்கு வருகிறோம். நான்கு சிலிண்டரில் எது மிஸ்ஸிங் அடிக்கிறது என்பது உங்கள் காருக்கே தெரியும்! கிராங்க் ஷாஃப்டோடு சுற்றும் ஒரு பல்சக்கரத்தை ஒரு சென்சார் இடைவிடாமல் கவனிக்கிறது. ஒரு சிலிண்டர் தீப்பற்றத் தவறினால் அந்தச் சுற்றில் வேகம் இம்மியளவு குறையும். அந்த இம்மியை அளந்து, எந்த சிலிண்டரின் முறை அது என்று கணக்குப் போட்டு, கம்ப்யூட்டர் குறித்துவைக்கிறது. பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்றால் இடம் மாறி மாறி.

அந்தக் குறியீட்டைப் படிக்க ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை கொண்ட ஒரு சாக்கெட் இருக்கிறது. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து ஓ.பி.டி.-2 என்ற இந்த ஏற்பாடு எல்லா கார்களுக்கும் கட்டாயம். இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 காலத்தில் 2010, 2013 என இரண்டு கட்டமாக வந்தது. ஆக, பத்து வயதுக் காரிலும் இது இருக்கும். செல்போனோடு ப்ளூடூத்தில் பேசும் சிறிய ரீடரைச் செருகினால் போதும், குறியீடு உங்கள் திரையில்! பி0301 வந்தால் உடனே பாகம் வாங்காதீர்கள். முதல் சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டுங்கள், இரண்டாவதை முதலில் மாட்டுங்கள். குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டுங்கள். இப்போது பி0302 என்று வந்தால் குற்றவாளி காயில்தான். இன்னும் பி0301 என்றே வந்தால் காயில் நிரபராதி; அடுத்து ஸ்பார்க் பிளக்கை அதே போல மாற்றிப் பாருங்கள், பிறகு இன்ஜெக்டர். காசு செலவில்லாமல் கோளாறு தன் இடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும் இந்த முறை எனக்கு ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்ப்புதான். ஒன்று மட்டும் கவனம்: அந்த விளக்கு நிலையாக எரிந்தால் இரண்டொரு நாளில் காட்டலாம். சிமிட்டினால் உடனே வேகத்தைக் குறைத்து ஓரம் கட்ட வேண்டும். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தப் பாகத்தின் விலை உங்களுக்கு நெஞ்சுவலி தரும்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே நம் மெக்கானிக்குகள் வைத்திருந்த வித்தைகளும் லேசுப்பட்டவை அல்ல. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டினால் டாப்பெட் சத்தமா, பேரிங் சத்தமா என்று தனித்தனியாகக் கேட்கும். ஐடிலிங்கில் சைலன்சர் வாயருகே ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்தால் அது ஒரே சீராக வெளியே தள்ளப்பட வேண்டும்; நடுநடுவே உள்ளிழுக்கப்பட்டால் எக்ஸாஸ்ட் வால்வைச் சந்தேகிக்கலாம். ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவாகக் காட்டினால், பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏனென்றால் அந்த ஆயில் இடுக்கை அடைத்துவிட்டது. ஏறவே இல்லை என்றால் கோளாறு வால்வில். இன்ஜினைப் பிரிக்காமலே, ஒரு ஸ்பூன் ஆயிலில் இவ்வளவு பெரிய தீர்ப்பு!

ஸ்டார்டிங் ட்ரபிளா? பேட்டரியைக் கொல்வது குளிரைவிட வெயில்தான் என்பது பலருக்குத் தெரியாது. நிறுத்திவைத்த காரில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் ஆல்டர்னேட்டரும் நலம். செல்ஃப் அடிக்கும்போது கடகடவென்று தொடர் சத்தம் வந்தால் பேட்டரி பலவீனம் அல்லது டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடி. எலியையும் மறக்க வேண்டாம். அதன் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்தே தீர வேண்டும். கதகதப்பான இன்ஜின் அறையும் மெல்லிய வயரும் அதற்கு விருந்து. நாள்கணக்கில் எடுக்காத காரில் திடீரென்று நான்கைந்து விளக்கு ஒன்றாக எரிந்தால் முதலில் பானெட்டைத் தூக்கி வயர்களைப் பாருங்கள்.

பங்க்கில் இப்போது வரும் இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் இதற்கேற்பச் செய்யப்பட்டவை. பழைய கார்களில் பலவும் இ10 வரைதான். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், டேங்கில் படிந்த பழைய கசடையும் கரைத்துக் கிளப்பும். ஆகவே பழைய காரை அரை டேங்க்கோடு மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். ஃப்யூயல் ஃபில்டரை உரிய காலத்துக்கு முன்பே மாற்றுங்கள், ரப்பர் குழாய்களை ஒருமுறை வளைத்துப் பார்த்துவிடுங்கள்.

இத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்தால் ஒரு செடான் எவ்வளவு தூரம் ஓடும்? கிரீஸ் நாட்டு டாக்ஸி ஓட்டுநர் கிரிகோரியோஸ் சச்சினிடிஸ் தன் 1976 மெர்சிடிஸ் 240டி செடானை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார்! பூமிக்கும் நிலவுக்கும் ஆறு முறை போய்த் திரும்பும் தூரம். வழியில் இன்ஜின்களை மாற்றியிருந்தார், ஆனால் வண்டி அதே வண்டி. 2004-இல் அந்தக் கார் மெர்சிடிஸ் அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேர்ந்தது.

அப்படியானால் குடும்பத்துக்கான அடுத்த செடானை எப்படித் தேர்வது? முதல் அதிசயம், நம் ஊர் குட்டி செடான்களின் உருவத்தைத் தீர்மானித்தது ஒரு பட்ஜெட்! 2006 மத்திய பட்ஜெட்டில் 4,000 மில்லிமீட்டருக்குள் அடங்கும் சிறிய இன்ஜின் கார்களுக்கு உற்பத்தி வரி குறைந்தது. 2008-இல் 4,160 மி.மீ. நீளத்தில் வந்த டிசையர், 2012-இல் 3,995 மி.மீ. ஆகச் சுருங்கியது. 440 லிட்டர் டிக்கி 316 லிட்டர் ஆனது! இன்றும் அந்தக் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்குள் 1,200 சி.சி.க்குள் உள்ள பெட்ரோல் காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40.

ஆகவே நீளத்தைப் பார்க்காதீர்கள், வீல்பேஸைப் பாருங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலுள்ள அந்தத் தூரம்தான் பின் சீட்டில் கால் நீட்ட இடம் தருவது. டிசையரில் 2,450 மி.மீ., ஹோண்டா சிட்டியில் 2,600, இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் வெர்னாவில் 2,670. டிக்கியிலும் டிசையருக்கு 382 லிட்டர், வெர்னாவுக்கு 528. சி.என்.ஜி. வேண்டும் என்றால் சிலிண்டர் டிக்கியில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதை ஷோரூமில் திறந்து காட்டச் சொல்லுங்கள். முட்டி வலி உள்ள பாட்டியை நேரில் அழைத்துப்போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். செடானின் தாழ்ந்த இருக்கை அவருக்கு ஒத்துவராவிட்டால் வேறு எந்த வசதியும் அதை ஈடுசெய்யாது. ஐந்து பேர் ஏறி, டிக்கி நிறைய சாமானோடு உங்கள் தெருவின் ஸ்பீடு பிரேக்கரில் ஏற்றிப் பாருங்கள். தனியாக ஓட்டும் டெஸ்ட் டிரைவில் அடி வாங்காத கார், ஊருக்குப் போகும் நாளில் அடி வாங்கும்.

பின் சீட்டின் நடுவில் உட்காருபவருக்கு மூன்று முனை சீட் பெல்ட் உண்டா என்று கட்டாயம் பாருங்கள். அதை வடிவமைத்த நில்ஸ் போலின் அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? போர் விமானங்களிலிருந்து விமானியைத் தூக்கி எறியும் இருக்கைகளை! 1959-இல் வால்வோ அந்த பெல்ட்டைக் கொண்டுவந்து, காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. ஏர்பேக் விரிய எடுத்துக்கொள்ளும் நேரம் சுமார் 30 மில்லி விநாடி, கண் ஒருமுறை இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. அவ்வளவு வேகத்தில் விரியும் பைக்கு எதிரே, முன் சீட்டில், மடியில் குழந்தையை வைத்துக்கொள்வதை இன்றோடு நிறுத்துங்கள். பின் சீட்டில் ஐஸோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டும் குழந்தை இருக்கைதான் அதன் இடம்.

பழைய செடான் வாங்குபவருக்கு மூன்று சொல்ல வேண்டும். டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. 20,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று மீட்டர் காட்டும் காரில் நான்கு டயரும் காரைவிட இளையவை என்றால் கேள்வி கேளுங்கள். ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்து அதே இடத்தில் கவிழ்த்து வையுங்கள். அடியிலிருந்து புகை தள்ளி மூடி குதித்தால் அதுதான் பேக் கம்ப்ரஷன், ரிங் தேய்ந்ததற்கான அடையாளம். இதையெல்லாம்விட முக்கியம், நீங்கள் போய் நின்றதும் பானெட் மேல் கை வைத்துப் பார்ப்பது. காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் நீலப்புகையும் டாப்பெட் சத்தமும் பேட்டரியின் பலவீனமும் வெளியே வரும். உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் விடிகாலையில் நீங்களே சாவியைப் போடுவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள்.